சங்குக்கூடத் தெருவில் தங்கிய சுரங்கள்

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில், உப்பு லாரிகள் உள்ளே வந்துவிட்டுத் திரும்ப முடியாமல் திணறுகிற சங்குக்கூடத் தெருவில், படகு இன்ஜின் மெக்கானிக் தொம்மையின் மனைவி பிரகாசி தன் நாற்பத்தொன்பதாவது வயதில் கிதார் படிக்க ஆரம்பித்த வருஷம், அவள் தப்பாக வாசித்த சுரங்கள் காற்றில் கரைந்து போகாமல் அந்தத் தெருவிலேயே தங்கிவிட்டன.

கிதார் அவள் மகன் ரெக்ஸ்லினுடையது. கல்லூரியில் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கி, ஆசை தீர்வதற்குள் கப்பலில் வேலை கிடைத்து, பீரோவுக்கு மேலே படுக்கப் போட்டுவிட்டுப் போய்விட்டான். கோயில் திருவிழாவுக்கு வீடு துடைக்கும்போது பிரகாசி அதையும் இறக்கித் துடைப்பாள். அந்த வருஷம் துணி தந்தியில் பட்டு எழும்பிய சத்தம், வீட்டில் யாரோ ஒருவர் அவளைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்கு யோசிப்பதுபோல இருந்தது. தூசி போன பிறகும் அவள் வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் புருஷனிடம் போய், கிதார் படிக்கப் போகிறேன் என்றாள். இன்ஜின்களுக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்ததில் தொம்மைக்கு ஒரு காது முழுசாகவும் இன்னொன்று பாதியும் போயிருந்தது. கீதா வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் சொல்வதாக நினைத்து, போயிட்டு வா என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் கோயில் மண்டபத்தில் ஸ்டெனி கிதார் வகுப்பு எடுத்தாள். இருபத்துநாலு வயசுப் பெண், பகலில் கப்பல் சரக்கு அனுப்புகிற ஆபீசில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பாடல் குழுவில் கிதார். வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் அவளை மிஸ் என்று கூப்பிட்டதால், அவளைவிட இரண்டு மடங்கு வயதான பிரகாசியும் மிஸ் என்றே கூப்பிட்டாள். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருக்கிற பிள்ளைகளின் விரல்களைப் பார்த்துத் தன் விரலை வைப்பாள். எல்லோரும் ஒன்றாக மீட்டும்போது அவளுடைய தப்பும் சரியும் அந்தப் பெரிய சத்தத்துக்குள் போய்க் கலந்துவிடும். கூட்டத்தோடு போகிற சாளை மீன்போல அது அவளுக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஸ்டெனி வரிசை வரிசையாக வரும்போது அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று, நல்லா வருது ஆன்ட்டி என்பாள், அதற்குள் எங்கோ இரண்டு பயல்கள் கிதார் உறையால் அடித்துக்கொள்வார்கள், அவள் அந்தப் பக்கம் ஓடிவிடுவாள்.

முதல் சுரம் அரிசிப் பானையில் தங்கியது. ஒரு சாயங்காலம் பிரகாசி தனியாக உட்கார்ந்து, பல சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கிற எஃப் கார்டு வாசித்துப் பார்த்தாள். ஒரு கையின் எல்லா விரல்களையும் ஒரே நேரத்தில் தந்திகள்மேல் அழுத்திப் பிடிக்க வேண்டிய, படிக்க வருகிறவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவைக்கிற கார்டு அது. அவள் கையில் அது கிணற்றுக்குள் தட்டு விழுந்ததுபோலக் கேட்டது. போதும் என்று கிதாரை வைத்துவிட்டு உலை வைக்க எழுந்து, அரிசிப் பானையைத் திறந்தால், அந்தச் சத்தம் உள்ளே இருந்தது. மூடினாள், நின்றது. திறந்தாள், இருந்தது. தேவையான அரிசியை அளந்து எடுத்துக்கொண்டு மறுபடி மூடினாள். ராத்திரி சாப்பிட வந்த தொம்மை, கேட்கிற பாதிக் காதைப் பானையில் வைத்துப் பார்த்துவிட்டு, டீசல் கேட்காமல் ஓடுகிற இன்ஜின்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

அதற்குப் பிறகு அவள் வாசிக்க வாசிக்க, சரியாக வந்தவை வந்த வழியே போயின, தப்பாக வந்தவை தங்கின. கட்டிலுக்கு அடியில் ஒன்று, மீட்டர் பெட்டியில் ஒன்று, துணிக்கொடியில் காயப்போட்ட கைலியோடு கைலியாக ஒன்று, மாதா படத்துக்குப் பின்னால் பல்லியை விரட்டிவிட்டு ஒன்று. வீட்டில் இடம் போதாமல் ஆனதும் அவை ஜன்னல் வழியாக இறங்கித் தெருவுக்குப் போயின. தெருக்குழாயில் ஒன்று குடியேறியது. மின்கம்பத்தில் ஒன்று ஏறிக்கொண்டது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் தனியாக இருந்த மச்சாது சார் வீட்டில், எப்போதோ செத்துப்போன ரேடியோவுக்குள் ஒன்று போய்ப் படுத்து, பட்டனைத் திருகினால் முனகியது. கோயில் மைக்கில் புகுந்த ஒன்று, பங்குச்சாமியார் பிரசங்கத்துக்கு வாயைத் திறக்கும்போதெல்லாம் அவருக்கு முன்னால் பேசியது. அவர் இரண்டு ஞாயிறு பொறுத்துப் பார்த்து, மூன்றாவது ஞாயிறு, தவளையையும் ஆண்டவர்தான் படைத்தார் என்று சொல்லிவிட்டுப் பிரசங்கத்தைத் தொடர்ந்தார்.

ஏன் தங்குகிறது என்று கேட்டவர்கள் அந்தத் தெருவில் குறைவு. எங்கே தங்கியிருக்கிறது என்று கேட்டவர்கள்தான் அதிகம், ஏனென்றால் தெரிந்து வைத்துக்கொண்டால் உபயோகம் இருந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு, கிர்ரென்று கேட்கிற கம்பத்துக்கு அடுத்த வீடு என்று வழி சொன்னார்கள். குழாயில் இருந்த சத்தம் கொஞ்சம் தடித்தால் தண்ணீர் வரப்போகிறது என்று அர்த்தம், பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கடலுக்குப் போகிற கஸ்பார், ஒரு சத்தத்தைக் காலி பாட்டிலில் பிடித்து மூடிபோட்டு வள்ளத்துக்கு எடுத்துப் போனான். தூக்கம் கண்ணைச் சொருகும்போது மூடியைத் திறந்தால் போதும், மூன்று நாளைக்குத் தூக்கமே வராது என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். வரி வசூலிக்க வந்தவர் இதையெல்லாம் கேட்டு, எந்தக் கணக்கிலும் வராதே என்று யோசித்து, டீ குடித்துவிட்டுப் போனார். பிரகாசிதான் கூசிப் போயிருந்தாள். தன் வீட்டு அழுக்குத் துணி தெருவெல்லாம் காய்கிறதுபோல அவளுக்கு இருந்தது. ஆனால் தெருவில் யாரும் அவளை முகம் சுளித்துப் பார்க்கவில்லை என்பதால் வாசிப்பதை விடவும் மனசு வரவில்லை.

இரண்டு வீடு தள்ளி அனிஸ்லா இருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாக நேர்ந்து பிறந்த பெண் குழந்தை அவளுக்கு. அந்தக் குழந்தையின் தொட்டிலில் ஒரு சத்தம் போய்த் தங்கியது. மற்றவை எல்லாம் முரட்டுச் சத்தங்கள், இது மெல்லியது, கண்ணாடியில் நகம் இழுபடுவதுபோல. தொட்டில் சேலையை மாற்றினார்கள், கொக்கியை மாற்றினார்கள், தொட்டிலையே வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள், சத்தம் குழந்தையின் பின்னாலேயே போனது. குழந்தை கண்ணை மூடும், சத்தம் கேட்கும், திடுக்கிட்டு விழிக்கும். பால் குடிப்பது குறைந்தது. இந்தப் பிள்ளை தூங்கினால்தான் தேறும் என்று டாக்டர் சொன்னார். அனிஸ்லா இதைப் பற்றிப் பிரகாசியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம்போலக் கறிவேப்பிலை கேட்டு வந்தாள், கண் குழி விழுந்த முகத்தோடு சிரித்தாள், இன்னிக்கு என்ன பாட்டுக்கா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

குழாயடியில் யாரோ சொல்லித்தான் பிரகாசிக்குத் தெரிந்தது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்க் குழந்தையைத் தூக்கினாள். மார்போடு அணைத்ததும் அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டது, கேட்டவுடனே தன்னுடையது என்று தெரிந்தது, பெற்ற பிள்ளையின் இருமல் தெரிவதுபோல. அவள் குழந்தையைக் கொடுத்துவிட்டு வந்து, கிதாரைப் பழைய சேலையில் சுற்றி முடிச்சுப் போட்டு, பீரோமேல் ஏற்றினாள்.

சனிக்கிழமை வெறுங்கையோடு மண்டபத்துக்குப் போனாள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போகும்வரை காத்திருந்தாள்.

“மிஸ், நான் நிப்பாட்டிக்கிடுதேன்” என்றாள்.

சங்குக்கூடத் தெருச் சத்தங்களைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அளவு ஸ்டெனிக்கும் தெரியும். குழந்தை விஷயம் தெரியாது. பிரகாசி சொல்லி முடிக்கும்வரை அவள் நாற்காலிகளை அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு எந்த இடத்தில் தப்பு வருகிறது என்று கேட்டாள். எல்லா இடத்திலும் என்றாள் பிரகாசி.

“எல்லா இடத்துலயும் வராது ஆன்ட்டி. ஏதோ ஒரு இடத்துலதான் வரும், மத்ததெல்லாம் அதோட பிள்ளைங்க” என்றாள் ஸ்டெனி. “இத்தன மாசமா நான் உங்கள ஒருநாள்கூடத் தனியாக் கேக்கல. நாளைக்குப் பூசை முடிஞ்சு வீட்டுக்கு வாரேன்.”

சொன்னபடி வந்தாள். கிதாரை இறக்கச் சொன்னாள், முடிச்சை அவளே அவிழ்த்தாள், பிரகாசியைக் கட்டிலில் உட்காரவைத்து, தான் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு, வாசிங்க என்றாள். தன் கிதாரை அவள் கொண்டுவரவே இல்லை. பிரகாசிக்குக் கை ஓடவில்லை. அவளுக்குச் சமைக்கத் தெரியும் என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், துவைக்கத் தெரியும் என்று உடுத்தியவர்களுக்குத் தெரியும், ஆனால் அவள் ஒரு காரியம் செய்வதை வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து பார்ப்பது என்பது அவளுடைய வாழ்க்கையில் அதுவரை நடந்ததில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவளைப் பார்த்ததைவிட அதிக நேரம் மிக்சரைத்தான் பார்த்தார்கள். கழுத்தெல்லாம் வேர்க்க அவள் எஃப் கார்டைப் பிடித்தாள். சத்தம் வந்து, கதவுப் பூட்டில் போய் உட்கார்ந்தது.

ஸ்டெனி சத்தம் போன திசையைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது பிரகாசியின் இடது கையின் மோதிர விரலை.

“இது ஏன் மடங்க மாட்டேங்குது?”

பிரகாசி விரலை மற்ற விரல்களுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்து, முடியாமல் விட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போன காலத்தில் ஐஸ் உடைக்கிற மிஷினில் மாட்டியது, எலும்பு கூடியது, மேல் கணு மட்டும் அப்படியே நின்றுவிட்டது என்றாள். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று ஸ்டெனி கேட்டதற்கு, அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் என் விரலைப் பற்றி எப்படிச் சொல்வது மிஸ் என்றாள். ஸ்டெனி அந்த விரலைத் தன் கையில் எடுத்து, கணுக்கணுவாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் இந்த விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, நல்லா வருது என்று சொல்லிவிட்டுப் போனதை நினைத்து அவள் முகம் சிவந்திருந்தது.

அன்றைக்கு முழுதும் பாட்டு எதுவும் நடக்கவில்லை. ஸ்டெனி அந்தக் கைக்கு என்று ஒரு பிடியைத் தேடினாள். மோதிர விரலுக்கு லீவு கொடுத்துச் சுண்டுவிரலை வேலைக்கு வைத்தாள், ஒரு தந்தியை மீட்டாமலே விடச் சொன்னாள், கட்டைவிரலைப் பின்னால் இறக்கினாள், மணிக்கட்டைத் திருப்பினாள், சரிவராமல் மறுபடி திருப்பினாள். தந்திகள் உயரமாக இருப்பதால் அழுத்தக் கஷ்டமாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, தொம்மையைக் கூப்பிட்டு, தந்திகளைத் தாங்குகிற வெள்ளைக் கட்டையைக் காட்டி, மயிரளவு இறக்க வேண்டும் என்று கையால் சைகை காட்டினாள். தொம்மை இன்ஜினுக்கு வைத்திருந்த அரத்தை எடுத்துவந்து, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தேய்ப்பதும் ஊதுவதும் தேய்ப்பதும் ஊதுவதுமாக அதை இறக்கிக் கொடுத்தார். பிரகாசி மறுபடி பிடித்தாள், மீட்டினாள். சத்தம் வந்தது. அறை நிறைய நின்றது. பிறகு போய்விட்டது.

அது போன பிறகு இருந்த அமைதியை மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதே கார்டு தப்பாக வந்து அடுப்படியில் தங்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிரகாசி போய் அரிசிப் பானையைத் திறந்தாள். உள்ளே அரிசி மட்டும் இருந்தது. தான் எதுவாக வந்திருக்க வேண்டுமோ அதைக் கேட்டதும், அந்தப் பழைய சத்தம் அதோடு சேர்ந்து கிளம்பிவிட்டிருந்தது.

பிரகாசி பானையை மூடக்கூட இல்லை, கிதாரைத் தூக்கிக்கொண்டு அனிஸ்லா வீட்டுக்கு நடந்தாள், ஸ்டெனி செருப்பைப் போட்டும் போடாமலும் பின்னால் ஓடினாள்.

அங்கே அது லேசில் நடக்கவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரகாசி புதுப் பிடியில் எஃப் வாசித்தாள், சத்தம் அசையவில்லை. ஸ்டெனி தொட்டிலுக்குள் தலையை விட்டுக் கேட்டு, சி கார்டாக இருக்கலாம் என்றாள், பிரகாசி அதையும் வாசித்தாள். ஜி என்றாள், அதையும். குழந்தை வீறிட்டு அழுதது. வாசலில் கூட்டம் கூடியது. அனிஸ்லாவின் மாமியார் உள்ளே வந்து, பிள்ளைக்கு மூச்சு முட்டுது, போதும்மா, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று தன்மையாகத்தான் சொன்னாள். ஸ்டெனி, இது எந்த கார்டு என்றே தெரியவில்லை ஆன்ட்டி என்று எழுந்துவிட்டாள்.

பிரகாசி எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடி, குழந்தையின் அழுகைக்குள் அந்த மெல்லிய சத்தத்தைத் தேடிப் பிடித்து, அது தன் கையை விட்டுப் போன சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தாள்.

“மிஸ், இது கார்டே இல்ல” என்றாள். “ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் போவேம்லா, அப்ப விரலு நடுவுல நிக்கும்ல, அந்தப் பயத்துல வந்தது.”

ஸ்டெனி மறுபடி உட்கார்ந்தாள். “அப்ப போறத வாசிங்க. மெதுவா. நான் உங்க கையத்தான் பாக்கேன்.”

பிரகாசி சி கார்டைப் பிடித்தாள், மீட்டினாள், அவசரப்படாமல் விரல்களைத் தூக்கினாள், தூக்கிய விரல்களை அந்தரத்தில் பயமில்லாமல் ஒரு நொடி நிற்கவிட்டாள், பிறகு எஃப்-ல் இறக்கினாள். மறுபடி திரும்பி வந்தாள், மறுபடி போனாள். இருட்டில் தெரிந்த வீட்டுக்குள் நடப்பதுபோல அவள் கை போய்ப் போய் வந்தது. எத்தனையாவது தடவையில் அந்தச் சத்தம் கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதற்கு முன்பே குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது, பிறகு பார்த்தால் தூங்கியிருந்தது. கூட்டம் கலையும்போது அனிஸ்லாவும் சுவரில் சாய்ந்தபடி, கையில் பால் பாட்டிலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் பாட்டிலை மெல்ல உருவி வைத்துவிட்டு, எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அதன் பிறகு ஸ்டெனி வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஆபீஸ் முடிந்து நேரே பிரகாசி வீட்டுக்கு வந்தாள். முதலில் பாடம், பிறகு இரண்டு பேரும் தெருவில் இறங்கி, தங்கியிருக்கிற சத்தங்களிடம் போவார்கள். மின்கம்பத்துக்கு அடியில் ஸ்டூல் போட்டு வாசித்தார்கள், மைக்குக்காகக் கோயில் பீடத்துக்குக் கீழே நின்று வாசித்தார்கள். ஒவ்வொரு சத்தமும் என்னவாக இருக்க நினைத்தது என்று கண்டுபிடித்து வாசிப்பதிலேயே பிரகாசிக்கு மண்டபத்தில் படியாத பாடமெல்லாம் படிந்தது. சனிக்கிழமை வகுப்பிலும் ஸ்டெனி மாறிப்போனாள். ஒரு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துக் கேட்டாள். மற்றவர்கள் அடித்துக்கொண்டால் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டாள்.

ஆனால் எல்லோரும் சத்தத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. குழாயடிப் பெண்கள், தண்ணீர் வரும் நேரம் உங்க பாட்டனா வந்து சொல்வான் என்று கேட்டு, குழாய்ச் சத்தத்தை விடவில்லை. கஸ்பார் பாட்டிலைக் கண்ணிலேயே காட்டவில்லை. மச்சாது சார் அவர்களை உட்காரவைத்துக் கருப்புக் காப்பி கொடுத்து, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, ரேடியோவை மட்டும் மடியிலிருந்து இறக்கவே இல்லை. சாயங்காலம் ஆனால் வீட்டில் ஒரு சத்தம் இருக்கட்டும் என்றார். பிரகாசி கிதாரை உறைக்குள் வைத்துவிட்டு, சரி சார் என்று எழுந்து வந்தாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சாயங்காலம் பாடம் முடிந்தது. பிரகாசி ஒரு முழுப் பாட்டை, நடுவில் நிற்காமல், ஒன்றும் தங்காமல் வாசித்து முடித்திருந்தாள். வழக்கமாக உடனே வண்டிச்சாவியை எடுக்கிற ஸ்டெனி எடுக்கவில்லை. பிரகாசியின் கிதாரை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, தந்தியைத் துடைப்பதுபோலத் தடவிக்கொண்டிருந்தாள். தனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று அவள் அப்போதுதான் சொன்னாள். பாடல் குழுவில் பின்வரிசையில் நின்று மற்றவர்கள் கையைப் பார்த்ததும், போனில் வீடியோ பார்த்ததும்தான். தானாக ஒரு மெட்டுப் போட்டு வைத்திருப்பதாகவும், வெகுநாளாகிவிட்டதாகவும், யாரிடமும் வாசித்துக் காட்டியதில்லை என்றும் சொன்னாள். பங்குச்சாமியாரிடம் காட்டலாமே என்று பிரகாசி சொன்னதற்கு, இல்ல ஆன்ட்டி, சும்மா சொன்னேன் என்று எழுந்திருக்கப் பார்த்தாள்.

பிரகாசி ஃபேனை நிறுத்தினாள். கொதித்துக்கொண்டிருந்த குழம்பை அரைவேக்காட்டிலேயே இறக்கி வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்து எதிரே போட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஸ்டெனியின் கையைப் பார்த்தாள்.

ஸ்டெனி வாசிக்கத் தொடங்கினாள். கடற்கரையில் காலை நனைத்துக்கொண்டு யாரையோ எதிர்பார்த்து நடப்பதுபோல ஒரு மெட்டு, போகும் திரும்பும், அலை வந்தால் ஒதுங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தனை பேருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவளுக்கு, ஒரே ஒரு ஆள் எதிரே இருந்து பார்த்ததில் விரல் பாதி வழியில் சறுக்கியது. ஒரு சத்தம் தெறித்து வந்து, ஜன்னல் கம்பியில் பட்டு, அங்கேயே தொங்கி அதிர்ந்துகொண்டிருந்தது.

ஸ்டெனி அதை அண்ணாந்து பார்த்தாள். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை சறுக்கியிருக்கிறாள், ஒன்றுகூட இதுவரை எங்கேயும் தங்கியதில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. வாசலில் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தொம்மை, கேட்கிற காதை உள்பக்கம் திருப்பி, புதுசாக இருக்கிறதே, இது யாருடையது என்று கேட்டார்.

பிரகாசி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ரெண்டு வரி முன்னாலேருந்து வாசிங்க மிஸ்” என்றாள். “நான் எங்கயும் போகல.”